இரண்டாவது நட்டு

"வேகமாப் போகத்தானே வந்திருக்கோம், அப்புறம் எதுக்கும்மா ஈயத்தைக் கட்டுறே?"

ஏழு வயதில் அவள் கேட்ட கேள்வி இது. கோ-கார்ட் என்னும் சின்னப் பந்தய வண்டியின் இருக்கைக்குப் பின்னால் அம்மா ஈயத்தகட்டை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பந்தயம் முடிஞ்சதும் உன்னையும் வண்டியையும் சேர்த்து எடை போடுவாங்க. அளவுக்குக் கீழ இருந்தா ஜெயிச்சாலும் செல்லாது. தட்டுல வைக்கிறதை ஒழுங்கா சாப்பிட்டா எனக்கு இந்த வேலையே இல்ல."

குருவி என்ற பட்டப்பெயர் அன்றுதான் ஒட்டிக்கொண்டது.

அம்மாவுக்கு வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் வேலை. வாரக் கடைசியில் அதே கருவிப்பெட்டி பந்தயத்திடலுக்கு வரும். மற்ற பிள்ளைகளுக்கு ஒரே நிறச் சட்டை போட்ட மெக்கானிக்குகள். குருவிக்கு அம்மா மட்டும். அப்படியே சிறுவர் பிரிவைத் தாண்டினாள். இளையோர் பிரிவில் முதல் வரிசைக்கு வந்தாள்.

பதினான்கு வயதில் அந்தப் பிரிவின் கடைசிப் பந்தயம் வந்தது. வெல்பவருக்கு ஃபார்முலா காரில் ஓராண்டு இலவச இடம். தோற்றால் ஓட்டம் அத்தோடு சரி. கார் செலவு அம்மாவின் சக்திக்கு எட்டாதது.

புறப்படும் கோட்டில் பக்கத்து வண்டியில் இருந்தவன், திடலில் எல்லோரும் தாடிக்காரர் என்று கூப்பிடும் மெக்கானிக்கின் மகன். அவன்தான் அவளுக்குச் சரியான போட்டி. தாடிக்காரர் மகனைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பியவர், குருவியின் இருக்கையருகே நின்றுவிட்டார்.

"அக்கா, ஈயம் ஆடுது."

அம்மா குனிந்து தொட்டுப் பார்த்தாள். காலையில் அவசரமாக இருக்கை மாற்றியபோது ஒற்றை நட்டோடு விட்டிருந்தாள். அவளுடைய பெட்டியோ கூடாரத்தில். தாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு நட்டை எடுத்து, முதல் நட்டின்மேல் இன்னொன்றாகப் போட்டு முடுக்கினார்.

"பக்கத்துல நிக்கிறது உங்க பையன், தெரியுமில்ல?" என்றாள் அம்மா.

"தெரியும். அவன் ஜெயிக்கிறதா இருந்தா குருவியை ஜெயிக்கட்டும். நட்டை ஜெயிச்சு என்ன ஆகப்போகுது? தள்ளி நில்லுங்கக்கா, கொடி காட்டப்போறாங்க."

பன்னிரண்டு சுற்றும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி வளைவில் அவன் பிரேக் போட்ட இடத்தைத் தாண்டிப் போய் அவள் போட்டாள். உட்புறம் ஒரு வண்டி நுழையுமளவு இடம் திறந்தது. நுழைந்தாள், வென்றாள்.

எடைமேடை அளவைவிட இருநூறு கிராம் கூடக் காட்டியது. ஈயம் ஆறு கிலோ. ஓட்டத்தில் அது விழுந்திருந்தால்? அம்மா கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். திறந்து பார்க்கும்போது தாடிக்காரர் மகனின் தோளில் கைபோட்டு நடந்துகொண்டிருந்தார்.

ஃபார்முலா காரில் முதல் பந்தயத்தில் குருவி சரளையில் போய்ச் செருகினாள். மூன்றாவதில் முதல் மூவரில் ஒருத்தியாக மேடையேறினாள். ஏழாவதில் வென்றாள். ஆண்டு முடிவில் கோப்பை அவள் கையில். அடுத்த பெரிய பிரிவின் அணியொன்று தானே தேடிவந்து ஒப்பந்தம் நீட்டியது. அம்மா மூன்று தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட விட்டாள்.

அந்த மாதமே பழைய கார்ட் திடலில் இறுதிப் பந்தயத்துக்குக் கொடியசைக்கக் குருவியைக் கூப்பிட்டார்கள். தாடிக்காரரின் மகனுக்கு இளையோர் பிரிவில் அதுவே கடைசி ஆண்டு. இந்த முறையும் பரிசு அதே ஃபார்முலா கார் இடம்தான்.

ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் விதிமுறைக் கூட்டத்தில் இருந்தார்கள். வண்டிகள் வரிசையில் தனியாக நின்றன. குருவி கூடாரங்களின் ஊடே நடந்தாள். தாடிக்காரரின் மேசையில், மின்னேற்றியில் செருகியபடியே ஒரு சின்னச் சிவப்புப் பெட்டி கிடந்தது. சுற்றுகளைக் கணக்கிடும் கருவி அது. வண்டியில் அது இல்லாவிட்டால் ஓடிய ஒரு சுற்றும் ஏட்டில் ஏறாது. பெட்டியின்மேல் அவனுடைய எண்.

எடுத்துக்கொண்டு வரிசைக்கு ஓடினாள். அவன் வண்டி இருக்கையின் பின்னால் பெட்டியைப் பொருத்தி, ஊசியைச் செருகி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

கூட்டம் முடிந்து கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குருவி டயர் அடுக்குகளுக்குப் பின்னால் புகுந்து, மறுபக்கமாகக் கொடிமேடைக்கு நடந்தாள்.