இருபது லென்ஸும் ஃபூமியேவும்

கேமரா தானாக ஃபோகஸ் செய்ய வேண்டுமென்றால் அதற்குள் ஒரு மோட்டார் வேண்டும், அது லென்ஸைத் திருக வேண்டும், இரண்டும் பேசிக்கொள்ள மின்முனைகள் வேண்டும். லென்ஸ் மாட்டும் பழைய வளையத்தில் இதற்கெல்லாம் இடம் ஏது? அதனால் ஒசாகாவில் நாங்கள் ஆறு பேர் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து, அந்த வளையத்தையே புதிதாக வரைந்துவிட்டோம். பழைய லென்ஸ் ஒன்றுகூட இதில் மாட்டாது. பிப்ரவரியில் அறிவிப்பு. அதுவரை பெற்ற தாயிடம்கூட மூச்சு விடமாட்டோம் என்று கம்பெனிக்கு முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருந்தோம்.

டிசம்பரில் நான் பெண் கேட்கப் போனேன். ஃபூமியேவின் அப்பா ஹமாகுச்சிக்கு தென்னோஜியில் கேமராக் கடை, பின்கட்டில் வீடு. நான் இனிப்புப் பெட்டியை நீட்டுவதற்குள் மனிதர் சாக்கே மதுவை ஊற்றிவிட்டார். ஃபூமியே டீ போட உள்ளே ஓடினாள்.

"வா தம்பி! உங்க கம்பெனி லென்ஸ் இருபது எடுக்கப்போறேன். நாளைக்கே ஆர்டர். கையில இருக்கறது அத்தனையும் இதுலதான். மாப்பிள்ளையே அந்தக் கம்பெனின்னா எனக்கென்ன பயம்?"

இரண்டே மாதத்தில் அந்த இருபதையும் சீந்த ஆள் இருக்காது. உண்மையைச் சொன்னால் ஆறு பேரின் மூன்று வருஷ உழைப்பு போட்டிக் கம்பெனிகளின் காதுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் இவர் கடை போய்விடும். "வேண்டாம்" என்றால் "ஏன்?" என்பார், விடவே மாட்டார். கோபம் தலைக்கேறினால்தான் காரணம் கேட்காத ஆள் அவர். என் மரமண்டைக்கு வேறு வழி தோன்றவில்லை.

"இந்தப் பெட்டிக்கடைக்கு இருபது லென்ஸா?" என்றேன். "எங்க பேரத்தான் கெடுப்பீங்க. பொண்ணு கேக்க வந்தேன்னு நெனச்சீங்களா? அந்த எண்ணமே எனக்கு இல்ல."

டீத் தட்டோடு ஃபூமியே கதவருகே நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

"எந்திரிடா நாயே! உங்க சரக்கு ஒண்ணுகூட என் கடைக்குள்ள வராது!"

தெருவில் ஓடிய என் முதுகில் உப்பை அள்ளி வீசினார். வேண்டாத விருந்தாளிக்கு எங்கள் ஊர் வழியனுப்பு அதுதான். ஆர்டர் போகாது, கடை பிழைத்தது. நான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை எங்கள் கம்பெனி வாசலில் ஹமாகுச்சி, கையில் கசங்கிய செய்தித்தாள்.

"பழைய லென்ஸ் மாட்டாதாமே?"

"மாட்டாது சார்."

"அன்னிக்கே தெரியும்?"

நான் தலையைக் குனிந்தேன்.

"அடப்பாவி! என் கடையக் காப்பாத்திட்டு என் பொண்ணக் கொன்னுட்டியேடா. ரெண்டு மாசமா சரியா சாப்பிடல அவ. போ, நீயே போய்ப் பேசு."

எதிர்ப்பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். தெருவைக் கடந்தேன்.

"ஃபூமியே, அன்னிக்கு நான் சொன்னது பொய்."

"அப்பா இப்பதான் சொன்னார். எனக்கு வலிச்சது நிஜம்."

அத்தனை பேர் பார்க்க நடைபாதையிலேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தேன். வேலைக்கு மணி அடித்தது. நான் எழவில்லை.

"மொதல்ல எங்கப்பாகிட்ட ஒழுங்காப் பொண்ணு கேளு," என்றாள். குரல் உடைந்திருந்தது. "அப்புறம் நான் யோசிக்கிறேன்."