ஓடாத டெஸ்ட்

அப்பாவின் நெற்றியில் வேல்விழி திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். நேற்று மாலை வாய்க்கால் வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. பக்கத்து வீட்டு மாரீஸ்வரி மூக்கைச் சிந்திவிட்டுப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"நெஞ்சு வலின்னு தேனி ஆஸ்பத்திரிக்குப் போனன்னைக்கே ஸ்கேன் எடுத்திருந்தா அண்ணன் பொழச்சிருப்பாக. மிசினு ஓடலைன்னு அப்படியே திரும்பிட்டாகளே!"

வேல்விழியின் விரல் நின்றது. போன மாதம் பெங்களூரிலிருந்து அவள் கேட்டபோது, "எடுத்தாச்சுக்கா, எல்லாம் நார்மல்" என்றவன் கூடப்பிறந்த தம்பி கார்த்திக்ராஜ். சொந்த ஊர் மார்க்கையன்கோட்டையில் இருந்துகொண்டே வேலையையும் அப்பாவையும் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் நிறையச் சொன்னவன்.

அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச உதவும் நெட்வொர்க் லைப்ரரி என்ற மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்களை இருவரும் எழுதினார்கள். எந்த மிஷினில் போட்டாலும் டெஸ்ட் உண்மையைச் சொல்ல வேண்டும். சில மிஷின்களில் சில டெஸ்ட்கள் ஓடவே ஓடாது. அங்கெல்லாம் தம்பி சத்தமில்லாமல் 'பாஸ்' என்று போட்டுவைப்பான். எல்லாம் சரி என்று திரை பச்சைப்பசேலென்று காட்டும். "ஏலே, ஓடலைன்னா ஓடலைன்னு சொல்லணும். பாஸுன்னா எப்படி?" என்று எத்தனை தடவை திட்டியிருப்பாள்! கோடிங்கில் அவன் பொய்யைப் பிடித்தவள் வீட்டில் கோட்டை விட்டுவிட்டாள்.

அவனைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போனாள்.

"ஸ்கேன் எடுத்தியா?"

"நாளைக்கு வாங்கன்னாகக்கா. மறுநாள் அப்பா வலியே இல்லைன்னாக. நீ அங்கன வெசனப்படுவியேன்னு..."

"நார்மல்னு சொன்னியேடா."

பாவி, இவன் சொல்லை நம்பித்தானே அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன் என்று நினைத்தாள். அடிக்கக்கூடத் தோன்றவில்லை.

வாசலில் பாடைத் தேர் கட்டி முடித்திருந்தார்கள். பெரியப்பா பலவேசம் குரல் கொடுத்தார்.

"ஏலே கார்த்தி, சுடுகாட்டுக்கு வேண்டியதெல்லாம் எடுத்தாச்சா?"

"எல்லாம் சரியா இருக்கு பெரியப்பா."

அவன் தூக்கிய பையை வேல்விழி வாங்கினாள். தேங்காய், சூடம், நெல் எல்லாவற்றையும் தொட்டுப்பார்த்தாள். தீப்பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே குச்சிகள் இருந்தன.

அது போதவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க ஒரு குச்சியை எடுத்து உரசினாள். பற்றியது. விரல் சுடும்வரை அதைப் பார்த்திருந்துவிட்டு, பையைப் பெரியப்பாவிடம் கொடுத்தாள். தம்பி நீட்டிய கை அப்படியே இருந்தது.