செவ்வாய்க்கிழமைப் பலகை

மொத்தம் பதினெட்டுப் படிகள். பெர்லா சூஸ்மான் ஒன்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். பத்தொன்பது வருடங்களாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மாலை ஏழு மணிக்கு ஏறுகிற படிகள்தான். இந்தக் குளிர்காலத்தில் யாரோ நடுவில் நாலைந்தைச் செருகிவிட்டது போலிருந்தது. பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றே கழிந்த கால்கள், இனி என்னால் ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தன. கைப்பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. 'என் உடல்நிலை காரணமாக' என்று தொடங்கும் நாலே வரி. வகுப்பு முடிந்ததும் அதைச் சங்கத் தலைவர் நத்தாலியோ பெரன்ஸ்டைனிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் அடுத்த செவ்வாய் ஏழு மணிக்கு அவள் வீட்டில், வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். ஒரு வாரமாக அந்த வெந்நீர்ப் பையை நினைத்துத்தான் அவள் நாளைத் தள்ளினாள்.

பைசாந்தூ நகர யூதர் சங்கத்தின் பெரியவர்களுக்கான எபிரேய வகுப்பு அது. வருடா வருடம் மார்ச்சில் பத்துப் பேர் புது நோட்டுடன் வருவார்கள். எழுத்துக்களைக் கற்பிப்பாள். ஈஸ்டர் விடுமுறைக்குப் பின் ஏழு பேர், குளிர் வந்தால் நாலு பேர். பாடப்புத்தகத்தில் பதினாலாம் பாடத்தில் ஒரு குடும்பம் சந்தைக்குக் கிளம்புகிறது. எந்த வருடமும் வகுப்பு அந்தப் பாடத்தைத் தாண்டியதில்லை என்பதால் பத்தொன்பது வருடமாக அந்தக் குடும்பம் கூடையும் கையுமாக வாசலிலேயே நிற்கிறது. பெர்லாவின் விரல் எழுத்துக்களுக்குக் கீழே ஓடாமல் ஒரு முழு வரியைத் தானாகப் படித்தவர் என்று சொல்ல அவளுக்கு ஒரு பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை. இதைச் சொல்லி அவள் யாரிடமும் அழுததில்லை. ஆனால் போன மாதம் நத்தாலியோ, "மாடி ரூமை உடற்பயிற்சிக்காரங்களுக்கு வாடகைக்கு விடறோம் பெர்லா, நீ கீழே சமையலறைல நடத்திக்கோ" என்றபோது கோபத்துக்குப் பதிலாக ஒரு நிம்மதி வந்தது. சாக்கு கிடைத்த நிம்மதி.

அறைக்குள் பெயின்ட் டப்பாக்கள் ஏற்கெனவே வந்து மூலையில் அடுக்கப்பட்டிருந்தன, பக்கத்தில் தின்னர் பாட்டிலும் பழந்துணியும். நாளை காலை ஆட்கள் வருகிறார்கள். ஓய்வுபெற்ற பல் டாக்டர் சாரீத்தா ப்ளோட்கின் மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, தான் வாங்கிவந்த பிஸ்கோச்சோ ரொட்டிகளில் ஒன்றைத் தானே தின்றுகொண்டிருந்தாள். மற்ற இருவருக்கும் சளிக் காய்ச்சலாம். வில்மார் பென்டன்கோர் கரும்பலகையின் வாரிசாகச் சுவரில் திருகி வைத்த வெள்ளைப் பலகையின் முன், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

வில்மார் யூதர் அல்ல. லாரி மெக்கானிக், அறுபத்து மூன்று வயது. அவர் மனைவி ஃபான்னிதான் சில வருடங்களாக வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவள். அவர் கீழே தன் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து, மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி ஒன்றரை மணி நேரம் காத்திருப்பார். மார்ச்சில், வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரம், ஃபான்னி இறந்துபோனாள். துக்கம் முடிந்த அடுத்த செவ்வாய் அவர் மாடியேறி வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன விஷயம் என்று பெர்லா கேட்டதற்கு, "ஏழு மணியானா வண்டி தானா இங்க வந்து நிக்குது டீச்சர். சும்மா கீழ உக்காந்து என்ன பண்ண?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கிரீஸ் ஏறிய தடித்த விரல்களால் பென்சிலைப் பிடித்து, வகுப்பிலேயே மெதுவாக எழுதுகிற ஆளாக ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அவர் விலகி நின்றார். பலகையின் மேல்பாதியில், வலமிருந்து இடமாக, ஒரு முழு வரி. யூதர் காலையும் மாலையும் சொல்லும், படுக்கப் போகும்போதும் சொல்லும் ஷெமா என்ற பிரார்த்தனை வரி. ஆறு சொற்கள். கையில் புத்தகம் இல்லை. பெர்லாவின் விரல் அருகில் இல்லை.

ஒரு கணம் பெர்லா அந்த எழுத்துக்களை மட்டுமே பார்த்தாள். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை. அடுத்த கணம் அவள் வரியின் நடுவைப் பார்த்தாள். கடவுளின் பெயர், நாலெழுத்தும் முழுதாக, இரண்டு இடத்தில். எழுதிவிட்டால் அழிக்கக் கூடாத பெயர் அது. அந்தப் பெயர் உள்ள காகிதம் பழசாகிக் கிழிந்தாலும் குப்பையில் போடமாட்டார்கள், மனிதர்களைப் போலக் கல்லறையில் புதைப்பார்கள். அதனால்தான் நோட்டிலும் பலகையிலும் அதற்குப் பதில் ஒரு குறி போட்டுவிட்டுப் போவது வழக்கம். வருடா வருடம் இரண்டாவது வகுப்பில் பெர்லா இதைச் சொல்வாள். இந்த வருடம் இரண்டாவது வகுப்பு நடந்த அன்று வில்மார் ஃபான்னியை அடக்கம் செய்துகொண்டிருந்தார்.

"தப்பா டீச்சர்?" என்றார் வில்மார். இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்துவிட்டார்.

"தப்பில்ல. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. அதான் பிரச்சினை."

சாரீத்தா ரொட்டியை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "எந்தப் பேனாவால எழுதினீங்க?"

"இங்க இருக்கறது எல்லாம் காஞ்சு கிடந்துச்சு. அதான் ஒர்க்‌ஷாப்ல ஆக்ஸில்ல நம்பர் போடற பேனாவைக் கொண்டாந்தேன். நல்லா நிக்கும்."

"நிக்கும் நிக்கும்," என்றாள் சாரீத்தா. "நாமதான் உக்காரணும்."

நத்தாலியோ சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு மேலே வந்தபோது மூன்று பேரும் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வருடத்தில் மூன்று நாள் தவிர ஜெபக்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர் அவர். ஆனாலும் விஷயத்தைக் கேட்டு, நாளைக்குள் துடைத்தாக வேண்டுமே என்று தின்னரைத் துணியில் ஊற்றிய பிறகு கை பலகைக்குப் போகவில்லை. துணியைப் பெர்லாவிடம் நீட்டினார்.

"நீதான டீச்சர். நீ அழி."

"நீதான தலைவர்."

"நான் மரச்சாமான் விக்கறவன், எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றார் நத்தாலியோ. பிறகு குரலைத் தணித்து, தணித்தும் எல்லோருக்கும் கேட்கும்படி, "அவர் நம்மாளே இல்லியே பெர்லா. அவர் எழுதினது கணக்குல வருமா?" என்றார்.

பெர்லாவுக்குச் சுருக்கென்றது. இந்த மனிதருடன் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள். "பத்தொம்போது வருஷமா நம்மாளு எவனும் எழுதலியே, நத்தாலியோ. நீயும் ரெண்டு மார்ச் வகுப்புக்கு வந்த."

வில்மார் காதில் விழாதவர் போலத் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தலைநகர் மொன்தெவிதேயோவில் இருக்கிற மதகுருவான ராபிக்குப் பலகையைப் படமெடுத்து அனுப்பினார்கள். கால் மணி நேரத்தில் குரல் பதிவு வந்தது. எங்கோ கல்யாண வீட்டில் இருந்தார் போல, பின்னால் கிளாரினெட் சத்தம். சுற்றி வளைத்து அவர் சொன்னதன் சாரம் இதுதான்: எழுதியவர் எந்த நினைப்பில் எழுதினார் என்பதைப் பொறுத்தது. வெறும் கைப்பயிற்சி என்றால் அவசியத்துக்கு அழிக்கலாம். பிரார்த்தனையாக, அந்தப் பெயர் என்று மனதில் வைத்து எழுதினார் என்றால் தொடக் கூடாது. அவரையே கேளுங்கள்.

"அப்பாடா," என்றார் நத்தாலியோ. "பயிற்சிதான? வகுப்புல வேற என்ன பண்ணுவாங்க."

பெர்லா துணியை வாங்கிக்கொண்டாள். தின்னர் வாடை மூக்கில் ஏறியது. பயிற்சி என்று அவர் சொன்னால் போதும், ஒரே துடைப்பு. பலகை வெள்ளையாகிவிடும், அறை போய்விடும், கடிதம் போய்விடும், எல்லாம் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் விரும்பினாள். அதை அவள் தனக்குத்தானே மறைக்கவில்லை. அவ்வளவு அலுப்பு.

"வில்மார், எதை நினைச்சு எழுதினீங்க? சாமி கும்பிடறாப்லயா? இல்ல, எழுதிப் பழகவா?"

வில்மார் நிறைய யோசித்தார். ஒரு இஞ்சினின் சத்தத்தைக் கேட்டு எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பவரைப் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"ரெண்டும் இல்ல டீச்சர். ஃபான்னி லைட்டை அணைச்சப்புறம் இதைச் சொல்லிட்டுத்தான் தூங்குவா. முப்பத்தொரு வருஷம் பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேன். சத்தம் தெரியும். இருட்டுல சொல்றதால அது பார்க்க எப்படி இருக்கும்னு தெரியாது." பலகையைத் திரும்பிப் பார்த்தார். "எப்படி இருக்கும்னு பார்க்கலாம்னு எழுதினேன். வீட்டுல சின்னச் சின்னதா எழுதிப் பார்த்தேன். பெருசா பார்க்கணும்னு தோணுச்சு."

சாரீத்தா கைக்குட்டையைத் தேடினாள், சளிதான் என்று காட்டிக்கொள்ள இரண்டு முறை மூக்கைச் சிந்தினாள்.

"இது ராபி சொன்ன ரெண்டுலயும் வரலியே," என்றார் நத்தாலியோ, உண்மையாகவே குழம்பிப்போய்.

"வரல," என்றாள் பெர்லா. துணியைத் தின்னர் பாட்டிலின் மேல் வைத்தாள். நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்தாள். கால் வலித்தது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம், இவர்கள் என்னவோ செய்துகொள்ளட்டும் என்றுகூடத் தோன்றியது. பிறகு, "வண்டில ஸ்க்ரூ டிரைவர் இருக்கா வில்மார்?" என்றாள்.

"என்ன சைஸ் டீச்சர்?"

"ரூமைப் பலகையோட தர்றதா அந்தப் பயிற்சிக்காரங்ககிட்டச் சொல்லிட்டேன் பெர்லா," என்றார் நத்தாலியோ.

"புதுசு வாங்கிக் குடு. இது ஞாயித்துக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போகணும். அதுவரைக்கும் என் வீட்டுல இருக்கட்டும்."

நாலு திருகாணிகளும் துருப்பிடித்திருந்தன. வில்மார் ஒவ்வொன்றையும் அவசரப்படாமல் கழற்றினார். பலகை வந்ததும் சுவரில் ஒரு நீள்சதுரம் மட்டும் பழைய நிறத்தில், அழுக்குப் படாமல் தெரிந்தது. முன்பக்கம் வில்மார், பின்பக்கம் பெர்லா, நடுவில் 'பார்த்து, பார்த்து' என்று சொல்வதற்குச் சாரீத்தா. அவர்கள் படியிறங்கினார்கள். பாதியில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நத்தாலியோ கேட்டார்.

"ஏதோ குடுக்கணும்னு போன்ல சொன்னியே?"

தோளில் தொங்கிய கைப்பை பெர்லாவின் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது. "கை காலியா இல்லியே, பாரு," என்றாள்.

வெளியே தூறல். வில்மார் தன் படுக்கைப் போர்வை ஒன்றை வண்டியில் எப்போதும் வைத்திருந்தார். பலகையை அதில் சுற்றி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். பெர்லா முன் இருக்கையில், ஃபான்னியின் இருக்கையில், ஏறி உட்கார்ந்தாள். இருக்கை இன்னும் உயரம் குறைந்த ஒருத்திக்கு ஏற்றபடி முன்னால் தள்ளியே இருந்தது. முழங்கால் இடித்தது. அதைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லி அவள் கேட்கவில்லை.

பலகை அதிரக் கூடாது என்று வில்மார் வண்டியை நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் வருகிறவர்களுக்காக மினுக்கும் விளக்குகளைப் போட்டார். பதினெட்டு ஜூலை என்று பெயர்கொண்ட தெருவில் மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கி அவர்களைத் தாண்டிப் போயின. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

"அடுத்த செவ்வாய் எங்க டீச்சர்?"

பெர்லா கண்ணாடியில் இறங்கும் நீரைப் பார்த்தாள். வெந்நீர்ப் பை ஞாபகம் வந்தது. "முதல்ல இது நனையாமப் போய்ச் சேரட்டும்," என்றாள்.

பேக்கரி வாசலில் தூறலுக்கு ஒதுங்கி நின்ற ஒரு கிழவர், மினுக்கும் விளக்குகளையும், மெதுவாக வரும் வண்டியையும், தார்ப்பாயின் கீழ் நீளமாகக் கட்டிக் கிடந்ததையும் பார்த்தார். தலையிலிருந்த போய்னா தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வில்மார் வேகத்தை இன்னும் குறைத்தார். பெர்லா கண்ணாடியை இறக்கி, துக்க வீட்டார் செய்வதைப் போலவே, அவரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினாள்.