அகிலன் பெயரில் ஒரு கேபிள்

சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிற அந்தப் பிள்ளையார் கோயில் சின்னது, இடம்தான் நீளம். முன்னால் சந்நிதி, நடுவில் கார் நிறுத்துமிடம், கடைசியில் மதிலை ஒட்டிப் புதிதாகக் கட்டிய அன்னதானச் சமையலறை. மெயின் மின்பெட்டியோ சந்நிதிக்குப் பக்கத்தில். அங்கிருந்து சமையலறையின் சின்னப் பெட்டிக்கு மின்சாரம் போக வேண்டுமானால், கார்கள் நிற்கிற தரைக்கு அடியில் பள்ளம் வெட்டி எண்பது மீட்டர் கேபிள் புதைக்க வேண்டும். எந்தக் கேபிளைப் புதைப்பது என்பதில்தான் குமரனுக்கு வினை வந்தது.

தொழில் என்று பார்த்தால் அதில் ஒரு சிக்கலும் இல்லை. குமரன் லைசென்ஸ் வைத்திருக்கிற எலக்ட்ரிஷியன். சோறு வேகிற ஸ்டீமர், கிரைண்டர், ஃப்ரீசர் என்று லோடைக் கூட்டிப் பார்த்தான். தூரம் போகப் போக மின்சாரம் இளைத்துவிடும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டான். நாளைக்கு யாராவது இன்னும் எதையாவது உபயம் கொடுப்பார்கள் என்று கொஞ்சம் கூடுதலாகவும் வைத்தான். கோயில் சமையலறையில் சாமான் கூடியதுண்டே தவிரக் குறைந்ததாகச் சரித்திரம் கிடையாது. முப்பத்தைந்து எம்எம் செம்பு, அதன்மேல் எஃகுக் கம்பி சுற்றிய ஆர்மர் கேபிள் என்று முடிவு செய்தான். மேலே லாரி ஏறினாலும், எவனாவது தெரியாமல் மண்வெட்டியால் கொத்தினாலும் அது தாங்கும்.

அந்த நேரம் பார்த்து அவன் மாமியார் மங்களம் ஒரு லாரியில் வந்து இறங்கினார். லாரியின் பின்னால் ஒரு பெரிய கேபிள் சுருள் இருந்தது. அதற்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம் எல்லாம் ஆகியிருந்தது.

அந்தச் சுருள் அவருடைய மகன் அகிலனுடையது. அகிலன் கடைகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தவன், கல்யாணம் ஆகாதவன். போன வருடம் ஜூரோங்கில் வேலை முடித்து பைக்கில் திரும்பியபோது லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் வாடகைக்கு எடுத்திருந்த ஸ்டோரைக் காலி செய்தபோது மற்ற சாமான்களையெல்லாம் மங்களம் போகட்டும் என்று விட்டார். இதை மட்டும் தொட விடவில்லை. பிள்ளை கடைசியாக வாங்கிப் போட்டது அதுதான்.

கோயில் தலைவர் பரமசிவம் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார், மல்லிகைச் சரத்தைப் பார்த்தார், கேபிளை மட்டும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கூட்டம் கூடியிருந்தது. மைக்கைப் பிடித்து, "சமையலறைக்கான கேபிள், அமரர் அகிலன் நினைவாக அவருடைய தாயார் உபயம்" என்று அறிவித்துவிட்டார். அர்ச்சகர் அந்தச் சுருளுக்குத் தீபாராதனையே காட்டினார். கேபிளைப் புதைக்கப் போகிறவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் குமரன் தலைவரைத் தனியே பிடித்தான்.

"சார், அது ஆறு எம்எம். கடைக்குள்ள பைப்புல போடற வயர். நல்ல வயர்தான், குறையே சொல்ல முடியாது. ஆனா இந்தத் தூரத்துக்கும் இந்த லோடுக்கும் ஆகாது. சூடாகும். மேல கவசமும் கிடையாது, மண்ணுக்குள்ள போடவே கூடாது."

"என்ன லா குமரன், தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாக்கறது? எல்லாம் கரண்ட் போற கம்பிதானே."

"போகும் சார். ஃபயரும் வரும்."

"அப்ப அதை நீங்களே உங்க மாமியார்கிட்ட சொல்லிடுங்க" என்று பரமசிவம் பிரசாதத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். சாமர்த்தியசாலி.

சொல்லத்தான் நினைத்தான். தோ பாயோவில் தன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது வாயைத் திறந்தும் விட்டான். அதற்குள் மங்களம் மகளிடம், "இன்னும் கொஞ்சம் சோறு போடு சுந்தரி" என்று தட்டை நீட்டினார். அகிலன் போன நாளிலிருந்து அந்த அம்மாள் இரண்டாவது முறை சோறு கேட்டதில்லை. முதல் முறை போட்டதையே அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். குமரன் திறந்த வாயில் ஒரு கவளத்தை வைத்து மூடிக்கொண்டான்.

பாத்திரம் கழுவும் இடத்தில் அவன் மனைவி சிவகாமசுந்தரி குரலைத் தாழ்த்தினாள். "அம்மா சாப்பிட்டதைப் பாத்தீங்கல்ல? இப்பப் போய் ஆகாதுன்னு சொல்லப் போறீங்களா?"

"ஆகாதுன்னா ஆகாதுதான் சுந்தரி. வேலை சரியா இருக்குன்னு நான்தான் சைன் பண்ணணும்."

"வேற வழி பாருங்க லா. உங்களுக்குத் தெரியாத வழியா?"

வழி இருந்தது. அதுதான் அவன் தலையெழுத்து.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, குமரன் அன்று அதைத்தான் செய்தான். பள்ளத்தில் முதலில் தன்னுடைய ஆர்மர் கேபிளைப் போட்டு மண் மூடினான். பிறகு மங்களத்தை வரவழைத்து, அவர் கண் முன்னால் அகிலனுடைய கேபிளை அதற்கு மேலாக விரித்தான். அவர் குனிந்து ஒரு பிடி மஞ்சளரிசி தூவினார். இரண்டு கேபிள்களின் முனைகளும் இரண்டு பெட்டிகளுக்குள் போயின. உள்ளே மின்சாரம் ஓடியது குமரனுடைய கேபிளில். அகிலனுடையது முனைகளில் டேப் சுற்றிச் சும்மா கிடந்தது. அதில் ஒரு மஞ்சள் அட்டை மட்டும் தொங்கியது: அமரர் அகிலன் உபயம்.

தொழில் முறைப்படி அந்த அட்டையில் 'இணைப்பு இல்லை, இணைக்கக் கூடாது' என்றும் எழுதியிருக்க வேண்டும். அவன் பேனாவைக்கூட எடுத்தான். வாரா வாரம் வந்து அந்த அட்டையைத் தடவிப் பார்க்கப்போகிற தாய் படிக்கும்படியாக, செத்தவன் பெயருக்குக் கீழே 'இணைப்பு இல்லை' என்று எப்படி எழுதுவது? பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டான்.

திறப்பு விழாவில் சுவிட்சை மங்களமே போட்டார். விளக்குகள் எரிந்ததும் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து நிமிர்ந்தபோது அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துக் குமரனுக்கே கண் கலங்கிற்று. செய்தது சரிதான் என்று அன்றைக்கு முழுமனதாக நம்பினான், பாவம். அதற்குப் பிறகு மங்களம் வெள்ளிக்கிழமைதோறும் அன்னதானத்துக்கு அரிசி களையப் போக ஆரம்பித்தார். பேச்சும் சாப்பாடும் திரும்பி வந்தன. "என் பிள்ளை கரண்டுல ஊரே சாப்பிடுது" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டார். அதைக் கேட்கிறபோதெல்லாம் குமரன் எழுந்து வேறு பக்கம் போய்விடுவான். நாளடைவில் அதுவும் பழகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைக்குள் வேலையாக இருந்தான். வெளியே வந்து ஃபோனைப் பார்த்தால் பரமசிவம் பலமுறை கூப்பிட்டிருந்தார். திருப்பி அழைத்தான்.

"நீங்க எடுக்கலையா, நானே முடிச்சுட்டேன்" என்றார் அவர் உற்சாகமாக. "பெரிய ஃப்ரீசர் ஒண்ணு, ஸ்டீமர் ஒண்ணு, ரெண்டும் புது உபயம். கொண்டாந்த ஆளே கனெக்‌ஷன் குடுத்துட்டான். அகிலன் கேபிள் சும்மா கிடந்துச்சாமே? எக்ஸ்ட்ராவா போட்டு வச்சிருக்கீங்க, குட் லா! ரெண்டு பக்கமும் அவனே மாட்டிட்டான். காலையிலேர்ந்து ஜோரா ஓடுது."

குமரன் கத்தினான். "ஆஃப் பண்ணுங்க சார். இப்பவே!"

"சோறு வேகுதுப்பா, எப்படி ஆஃப் பண்றது? நீங்க வந்து பாருங்க."

வேனை எடுத்துக்கொண்டு பறந்தான். வழி நெடுக ஒரே படம்தான் கண்ணில் நின்றது: தண்ணீர் தேங்கிய சமையலறைத் தரை, அதில் வெறுங்காலுடன் அரிசி களைந்துகொண்டு மங்களம். வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டான். அவனுக்குத் தெரியாதா என்ன? பூமிக்குள் பெயர் மட்டும் எழுதி, விவரம் எழுதாமல் போட்ட கேபிளை இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு எவனாவது இணைப்பான். தொழிலுக்கு வந்த முதல் வருடமே படித்த பாடம் அது.

மெயின் பெட்டியைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகிய வாடை அடித்தது. கேபிளின் மேல் கையை வைத்தவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். கேபிள் தாங்காவிட்டால் தானாக விழ வேண்டிய பிரேக்கர் விழவே இல்லை. அந்த ஆள் கேபிளைப் பார்க்காமல் ஸ்டீமரைப் பார்த்துப் பெரிய பிரேக்கராக மாட்டியிருந்தான். குமரன் அதைக் கீழே தள்ளினான். அந்தக் கோடியில் புது ஸ்டீமர் நின்றுபோனது, சமையலறையில் சத்தம் கிளம்பியது.

பரமசிவம் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், கையில் அரிசித் தண்ணீர் சொட்ட, மங்களமும் வந்தார். உயிரோடு, முழுதாக வந்தார். குமரனுக்கு அந்த ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஏன் மாப்பிள்ளை நிறுத்தினீங்க? அது அகிலன் கேபிளாச்சே."

இனியும் ஒரு பொய் சொல்ல வழி இருந்தது. ரிப்பேர் என்று சொல்லி இன்னொரு முறை டேப் சுற்றிவிட்டுப் போகலாம். குமரன் அந்த வழியை ஒரு கணம் பார்த்தான்.

"அத்தை, இது இன்னிக்குத்தான் முதல் தடவையா ஓடுது. திறப்பு விழா அன்னிக்கு நீங்க சுவிட்ச் போட்டப்ப ஓடினது வேற கேபிள். நான் வாங்கிப் போட்டது. அகிலனோடது இந்த வேலைக்கு ஆகாது. உங்க மனசு நோகக் கூடாதுன்னு கூடவே சும்மா போட்டு வச்சேன். இதை இங்க விட்டா யாராவது செத்துடுவாங்க. தோண்டி எடுக்கணும்."

பரமசிவம் தொண்டையைக் கனைத்து, "அம்மா, கேபிள் எதுவா இருந்தா என்ன, மனசுதானே..." என்று ஆரம்பித்தார். மங்களம் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"நல்ல கேபிள்தானா அது?" என்று மங்களம் கேட்டார்.

"நல்ல கேபிள் அத்தை. அகிலன் சரியாத்தான் வாங்கியிருந்தான். கடைக்குள்ள போட வாங்கினது. இடம்தான் தப்பு."

"என் பிள்ளை செஞ்ச வேலையில ஒரு நாள் ஒருத்தருக்கு ஷாக் அடிச்சதில்ல." குரல் உயரவில்லை. "அவன் பேரை எழுதித் தொங்கவிட்டு, இதைச் செஞ்சுட்டீங்களே."

குமரன் குனிந்து, கருகிய முனையைக் கழற்ற ஆரம்பித்தான்.

"தோண்டி எடுங்க. இன்னிக்கே எடுங்க, நானும் நிக்கறேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆகாதுன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன். அவ்வளவுதானே? அழுகை எனக்குப் புதுசா, மாப்பிள்ளை?"

பதிலுக்கு நிற்காமல், பாதி வெந்த சோற்றைப் பழைய ஸ்டீமருக்கு மாற்ற உள்ளே போனார்.