ஏழாம் பக்கத்துக் கை

பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து கொக்கியார் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காப்புரிமை அலுவலகத்தின் நீண்ட வராந்தாவில் கூரைப் பலகைகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கோடியில் ஓர் எலக்ட்ரீஷியன் ஏணிமேல் நின்று, சுவரை ஒட்டினாற்போல் மேல்தளத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூள் அவர் தலையிலும் தோளிலும் கொட்டியது. ஏணிக்குக் கீழே கறுப்புக் கேபிள் சுருள் ஒன்றும், பிரிக்காத இரண்டு அட்டைப் பெட்டிகளும் கிடந்தன.

"ஏணியை இவ்வளவு செங்குத்தா வெச்சா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் கீழ விழுவாரு" என்றார் கொக்கியார்.

"நீங்க இங்க ஏணிக்கு வைத்தியம் பாக்க வரல" என்றாள் மனைவி. மடியில் வைத்திருந்த ஃபைலை மூன்றாவது முறையாகத் திறந்து, தாள்களின் வரிசையைச் சரிபார்த்தாள். "மேடம் கூப்பிட்டா மொதல்ல என்ன சொல்லணும்? சொல்லிக் காட்டுங்க."

"வணக்கம் சொல்லணும்."

"அப்புறம்?"

"உன்னைப் பேசச் சொல்லணும்."

விண்ணப்பத்தில் இருந்த பெயரைச் சொல்லி யாராவது அவரைக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதே சந்தேகம். சுரங்க ரயில் பாதையில் இருபத்திரண்டு வருடம் கேபிள் இழுத்தவர். ஒருநாள் பழைய கொக்கி ஒன்று வாயைப் பிளக்க, தொடை கனத்துக் கேபிள் சரிந்து இறங்கியது. வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அதற்கும் சிமென்ட் விளிம்புக்கும் நடுவே போயின. கட்டுப் பிரித்த நாளிலிருந்து மீதி மூன்று விரல்களால் கம்பியை வளைத்துக்கொண்டே இருந்தார். ஏழு மாதத்தில் ஒரு கொக்கி உருவானது. அதன் வாயில் ஒரு சின்ன நாக்கு. கேபிளை உள்ளே வைத்தால் அதன் கனமே நாக்கை அழுத்தி வாயை மூடிக்கொள்ளும். எடுக்க வேண்டுமென்றால் கொஞ்சம் தூக்கினால் போதும். எல்லாவற்றுக்கும் ஒரு கை போதும். அவரிடம் இருந்தது ஒன்றரைக் கைதானே. கூட வேலை செய்தவர்கள் முதலில் கேலியாகத்தான் கொக்கியார் என்றார்கள், பிறகு அதுவே பெயராகிவிட்டது.

கம்பெனி டாக்டர் மட்டும் வேறு பெயர் வைத்தார். 'ஏணி ஏறத் தகுதியற்றவர்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏணி ஏறாதவனுக்குச் சுரங்கத்தில் என்ன வேலை? இந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறார். பிளாஸ்டிக் அச்சுப் பட்டறைக்காரர் ஒருவர்தான் கொக்கியைக் கையில் வாங்கிப் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காப்புரிமைப் பேப்பர் வரட்டும் அண்ணே, மறுநாளே அச்சு வெட்டுறேன். ஒவ்வொரு கொக்கியும் உங்க கண்ணுல பட்டுத்தான் வெளிய போகணும். அந்த வேலை உங்களோடது. பேப்பர் இல்லாம மட்டும் கேக்காதீங்க. நான் அச்சு வெட்டுற முன்ன நாலு பேரு காப்பி அடிச்சிருவான்."

ஆக, எல்லாம் இந்தப் பேப்பரில் வந்து நின்றது. விண்ணப்பத்தை எழுதியவர் கொக்கியார். படம் போட்டவள் மனைவி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பேட்டர்ன் வெட்டுகிறவள் அவள். சட்டைக் கழுத்துக்கும் கைக்குழிக்கும் வைத்திருக்கும் வளைவு ஸ்கேலை வைத்து, கொக்கியை மேசைமேல் படுக்கப் போட்டு, நான்கு பக்கமும் மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்தாள். வக்கீல் வைத்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

இரண்டு வாரத்துக்கு முன் ஆய்வறிக்கை வந்தது. மூன்று பக்கத்தில் அவர்களுக்குப் புரிந்தது ஒரே வரி. இதே கருவி, தொழிற்பாதுகாப்பு இதழ் ஒன்றின் நாற்பத்தோராம் மலரில், ஏழாம் பக்கத்தில், ஏற்கெனவே வெளிவந்திருக்கிறது. வித்தியாசம் இருந்தால் நேரில் வந்து விளக்கலாம்.

"நமக்கு முன்னாடியே ஒருத்தன் யோசிச்சிருக்கான் பாரேன்" என்று இப்போதும் சொன்னார் கொக்கியார்.

"வயித்தெரிச்சலே இல்லையா உங்களுக்கு?"

"இல்லாம இருக்குமா? ஆனா கெட்டிக்காரன்தான். அவன் தலைமேலயும் எங்கயாவது ஒரு கேபிள் விழுந்திருக்கும். ஒருநாள் நேர்ல பாக்கணும்."

"பாத்துக் கட்டிப்பிடிச்சுக்குங்க" என்றாள்.

கதவு திறந்து ஒருவர் விண்ணப்ப எண்ணைப் படித்தார்.

ஆய்வாளர் அம்மாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஃபைல்கள் அடுக்கிய மேசை. நடுவில் கம்ப்யூட்டர் திரை, ஓரத்தில் ஆறிப்போன தேநீர். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். கொக்கியார் இடது கையால் பையிலிருந்து கொக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். வலது கை கால்சட்டைப் பையில் இருந்தது. தெரியாதவர்கள் எதிரில் அது அங்கேதான் இருக்கும்.

ஆய்வாளர் கொக்கியை எடுத்து நாக்கைத் திறந்து மூடிப் பார்த்தார். ஒரு பேனாவை உள்ளே போட்டு, அது கீழே விழாததைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"நாலு நாள் தேடினேன் சார். நல்ல பொருள், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நல்லதான்னு சட்டம் கேக்கல, புதுசான்னுதான் கேக்குது. அந்தப் பக்கத்தைப் பாத்தீங்களா?"

"அந்த இதழ் எங்களுக்குக் கிடைக்கல மேடம்" என்றாள் மனைவி. "அது யாருன்னு தெரிஞ்சா, அவரோடதுக்கும் எங்களோடதுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லிடுவோம்."

"பேர் எதுவும் போடல. நீங்களே பாருங்க." ஆய்வாளர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

பக்கம் நிறைய ஒரே ஒரு புகைப்படம். பின்னால் சாம்பல் நிறச் சிமென்ட் சுவர். நீலச் சட்டைக் கை ஒன்று முன்னால் நீண்டிருந்தது. அதன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒரு கொக்கியைப் பிடித்திருந்தன. அந்தக் கைக்கு அதற்கு மேல் விரல்கள் இல்லை. படத்துக்குக் கீழே 'எளிய கருவி, பெரிய பாதுகாப்பு. எங்கள் பாதுகாப்புப் பிரிவின் உருவாக்கம்' என்று எழுதியிருந்தது.

கொக்கியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மனைவிதான் முதலில் பேசினாள். அவள் விரல்களைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தாள். "இது நான் தைச்ச பட்டன்" என்றாள். நீலச் சட்டையில் ஒற்றைப் பழுப்புப் பட்டன். "நீலம் கிடைக்கலன்னு இதை வெச்சுத் தைச்சேன். நீங்ககூடத் திட்டுனீங்க."

ஆய்வாளருக்கு அவள் சொல்வது விளங்கவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கொக்கியார் வலது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து, திரைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார்.

ஆய்வாளரின் நாற்காலி பின்னால் நகர்ந்து அலமாரியில் மோதியது. இரண்டு வாரமாகத் தினமும் பார்த்த கை அது. பெரிதாக்கிப் பார்த்து, அளந்து, ஆதாரம் ஒன்று என்று எண் போட்டு ஃபைலில் கட்டிய கை, இப்போது நரம்பு துடிக்க அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"நீங்களா?" என்றார்.

"நான்தான் போலிருக்கு" என்றார் கொக்கியார்.

எப்போது எடுத்த படம் என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. சுரங்கத்தில் ஷிப்ட் தொடங்கும் முன் எல்லாரும் வட்டமாக நின்று பத்து நிமிடம் பேசுவார்கள். வேலைக்கு உதவுகிற மாதிரி எவன் எதைக் கண்டுபிடித்தாலும் அங்கே காட்டிவிட வேண்டும். மறைத்து வைத்தால், நாளைக்குப் பக்கத்து ஆளுக்கு அடிபட்டால் அந்தப் பாவம் இவன் தலையில்தான். எழுதாத சட்டம் அது. கொக்கியாரும் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். பாதுகாப்பு அதிகாரி செல்போனை எடுத்தார், ஆபீஸ் ஃபைலுக்கு என்றார். கொக்கியை மட்டும் எடுக்கப் போனவரிடம் கொக்கியாரே சொன்னார்: "கையையும் சேத்து எடுங்க சார். இது எதுக்குன்னு பாக்கறவனுக்குப் புரியணும்ல."

அதை அப்படியே ஆய்வாளரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அப்ப சரியாப் போச்சே மேடம்!" மனைவி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "வேற யாரோன்னுதான பயந்தோம். இவரோடதேதான். இவர் கைதான் சாட்சி."

ஆய்வாளர் தேதிகளைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"கண்டுபிடிச்சவரே வெளிய காட்டியிருந்தா, அதுலேர்ந்து பன்னெண்டு மாசம் அவகாசம் உண்டும்மா. அதுக்குள்ள விண்ணப்பிச்சிருந்தா இந்தப் பக்கத்தை நான் தள்ளி வெச்சிருவேன். நீங்க பதினாலாவது மாசம் குடுத்திருக்கீங்க."

"கம்பெனிதானே லேட் பண்ணுச்சு!" மனைவியின் குரல் வராந்தா வரை கேட்டிருக்கும். "ஆட்சேபணை இல்லன்னு ஒரு கடிதம் வேணும்னு நடந்தோம். அஞ்சு மாசம். போறப்பல்லாம் சார் லீவு, சார் மீட்டிங்."

"யாரு கையெழுத்து போடணும்?"

கொக்கியார் திரையைக் காட்டினார். "இந்தப் படத்தை எடுத்தவரு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை எல்லாரும் கேட்டிருப்பார்கள். இங்கே தாழியை உடைத்தவர் கையிலேயே மத்தைக் கொடுத்துவிட்டு ஐந்து மாதம் வாசலில் நின்றிருக்கிறார்கள்.

கொக்கியார் திரையை உற்றுப் பார்த்தபடி இருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"வித்தியாசம் இருக்கு மேடம்! இதுல வாய் வெளிப்பக்கம் பாத்திருக்கு. போட்டோவுக்காக அப்படிப் பிடிச்சேன். மாட்டுறப்போ வாய் சுவத்தைப் பாத்துத்தான் இருக்கணும். வெளிய பாத்திருந்தா, கேபிளை இழுக்கற இழுப்புல நாக்கு தானா திறந்துக்கும். கேபிள் கீழ வந்துரும். அதுதான் இதுல சூட்சுமமே."

ஆய்வாளர் முகம் மலர்ந்தது. விண்ணப்பத்தைப் பரபரவென்று புரட்டினார். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தார். படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிப் பார்த்தார். அவர் விரல் போகப் போக மெதுவாகி, கடைசித் தாளில் நின்றது.

"இதை எங்கயும் எழுதலையே சார்."

"இதை எதுக்கு மேடம் எழுதணும்? கேபிள் இழுக்கற யாரைக் கேட்டாலும் சொல்லுவானே!"

"படத்துலயாவது பக்கத்துல ஒரு சுவர் இருந்திருந்தா..."

மனைவி தன் கையால் போட்ட படங்களைப் பார்த்தாள். நான்கு கொக்கிகள், நான்கும் வெள்ளைத் தாளில் படுத்திருந்தன. "துணி பேட்டர்ன் மாதிரி வரைஞ்சேன்" என்றாள். "அதுல ஆளை வரைய மாட்டோம். துணியை மட்டும்தான் வரைவோம்."

"இப்ப சேத்துக்கலாமா மேடம்? ஒரே ஒரு கோடுதான்."

"அன்னிக்கு எழுதாததை இப்ப சேக்க முடியாது சார்." விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டு, "எனக்கு அதிகாரம் இல்ல" என்றும் சொன்னார். யாரும் கேட்காமலே, "மேல முறையீடு பண்ணலாம். ஆனா தேதி மாறாது" என்றார்.

விசாரணைக்கு வந்ததற்குக் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். கொக்கியார் மூன்று விரலால் பேனாவைப் பிடித்துப் போட்டார். அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க ஆய்வாளர் ரொம்பச் சிரமப்பட்டார். ஆதாரத்தின் நகல் ஒன்றை விண்ணப்பதாரருக்குக் கொடுப்பது வழக்கம். ஏழாம் பக்கத்தை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பட்டறைக்காரர்கிட்ட என்ன சொல்றது?" என்றாள். திரும்பிப் பார்த்தாள். கொக்கியார் மறுபடியும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் உள்ளே இருந்த நேரத்தில் பெட்டி ஒன்றைப் பிரித்திருந்தார்கள். வராந்தா நெடுக மேலே மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கொக்கிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சின்ன நாக்கு. ஒவ்வொன்றின் வாயும் வெளிப்பக்கம் பார்த்திருந்தது. அவற்றின் வழியே கறுப்புக் கேபிள் இழுபடக் காத்திருந்தது. அதற்குக் கீழேதான் பெஞ்ச். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது வேறு இரண்டு பேர் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஏணி காலியாக இருந்தது. கொக்கியார் போய் அதன் அடியை ஒரு சாண் வெளியே இழுத்து வைத்தார்.

"என்னங்க, வேணாம்" என்றாள் மனைவி. அதற்குள் அவர் நான்காவது படியில் இருந்தார்.

தண்ணீர் பாட்டிலோடு வந்த எலக்ட்ரீஷியன் பதறினார். "அண்ணே, யாருண்ணே நீங்க? இறங்குங்க!"

"வாய் சுவத்தைப் பாக்கணும் தம்பி. இப்படி மாட்டுனா இழுக்கறப்போ கழண்டுரும்." அவர் மரையைத் தளர்த்தி, முதல் கொக்கியை அரைச்சுற்றுத் திருப்பி, மறுபடியும் இறுக்கினார்.

"பெட்டியில இருக்கற படத்தைப் பாத்துத்தான் மாட்டினேன். கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா?"

மனைவி குனிந்து பெட்டியை எடுத்தாள். மேலே கோட்டுப் படம். ஒரு கை முன்னால் நீண்டு, கொக்கியை வாய் வெளியே பார்க்கப் பிடித்திருந்தது. அதே சாய்வு. மணிக்கட்டில் அதே இடத்தில் ஒரு பட்டன். கட்டைவிரலிலிருந்து தொடங்கி எண்ணினாள். ஐந்து விரல் இருந்தது. யாரோ இரண்டு விரலைச் சேர்த்து அழகாக வரைந்திருந்தார்கள்.

"என்ன போட்டிருக்கு?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல. ஒரு கை."

"வாய் எந்தப் பக்கம் இருக்கு?"

"வெளிப்பக்கம்தான்."

"பாத்தீங்களா தம்பி, படமே தப்பு" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த கொக்கியை எட்டிப் பிடித்தார். ஏணி லேசாக ஆடியது. மனைவி பெட்டியைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.