தைல இலைத் தண்ணீர்

கோதுமை வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ரவ்ஹிய்யா, போன குளிர்காலத்தில் ஒருநாள் நிமிர்ந்து, "உங்க வயல்ல குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பே கழண்டு போச்சு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வயல்கார ஷஹாத்தா சிரிப்பைக் கவனிக்கவில்லை. இடுப்பு வலிதான் மனதில் தைத்தது.

எகிப்தில் ஃபய்யூம் பக்கத்து ஊர்களில் எருமை வைத்திருக்கும் பெண்கள் யார் வயலிலும் இறங்கிக் களை பிடுங்கி எடுத்துப் போகலாம். வயல் சுத்தமாகும், எருமைக்கும் வயிறு நிறையும். ரவ்ஹிய்யா புருஷனை இழந்தவள். ஷஹாத்தா மனைவியை இழந்தவன். அவள் பிடுங்குவாள், இவன் வரப்பில் டீ போட்டுக் கொடுப்பான். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று உயிராய்க் கிடந்தான். கேட்கத்தான் வாய் வரவில்லை.

வாய்க்கால் ஓரத் தைல மரங்களுக்கு அடியில் புல் முளைப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். உதிர்ந்த இலையை வாரி, நொறுக்கி, பீப்பாயில் ஊறப்போட்டான். தன் பழைய அங்கியைக் கிழித்து வடிகட்டினான்.

"பொண்ணு கேக்கப் போறவன் தங்கம் வாங்குவான், துணி வாங்குவான்" என்றாள் வீட்டோடு இருக்கும் அக்கா ஸனிய்யா. "நீ என்னடான்னா இலையை ஊறப்போடற. வீடே சளி மருந்து வாடை அடிக்குது."

"அவளுக்கு இனிமே குனியற வேலையே இருக்காதுக்கா."

ஸனிய்யா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ரொட்டி சுடப் போனாள்.

களை முளைவிடும் நேரம் பார்த்துத் தெளித்தான். முதல் தடவை கொஞ்சம் கெட்டியாகிப்போய் ஒரு மூலையில் கோதுமையே சுணங்கியது. பிறகு தண்ணீர் கூட்டினான். தூபா மாதக் குளிர் வந்தபோது களையென்று காட்டு ஓட்ஸ் இல்லை, காட்டு பீட்ரூட் இல்லை. கோதுமை மட்டும் சீவிவிட்ட தலைபோல நின்றது. ஷஹாத்தா வரப்பில் டீ கெட்டிலை வைத்துக்கொண்டு பாராட்டுக்காகக் காத்திருந்தான்.

ரவ்ஹிய்யா கழுதையோடு வந்தாள். வயலைப் பார்த்தாள். "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கழுதையைத் திருப்பி அப்துத் தவ்வாபின் வயலுக்குப் போய்விட்டாள். அப்துத் தவ்வாப் வடிகட்டின சோம்பேறி. அவன் வயலில் கோதுமையைத்தான் தேட வேண்டும். அவனுக்கும் மனைவி இல்லை. இப்போது அவன் வரப்பிலும் டீ கொதித்தது, அதுவும் புதினா போட்டு.

ஒரு வாரம் ஷஹாத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊருலயே சுத்தமான வயல் உன்னோடதுதான்" என்றாள் ஸனிய்யா. "ஈ காக்கா கூட எட்டிப் பாக்கல. அடுத்து என்ன, அவ எருமைக்கும் ஏதாவது தெளிக்கப் போறியா? உருப்படாதவனே, போய்க் கேளுடா."

போனான். ரவ்ஹிய்யா களை பிடுங்கிக்கொண்டிருக்க, அப்துத் தவ்வாப் தன் வரப்பில் கையில் கிளாஸோடு பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஊரில் வயலில் நின்று ஒரு பெண்ணைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. இவளை மகன் பெயரைச் சொல்லி உம்மு கரம், அதாவது கரமின் அம்மா, என்பார்கள்.

"ரவ்ஹிய்யா" என்றான் ஷஹாத்தா.

அவள் கை நின்றது.

"என் வயல்ல உனக்கு இனிமே வேலை இல்ல. வேலை இல்லாமலே வா. என் வீட்டுக்கு வா. எருமையும் வரட்டும், அதுக்குப் பெர்சீம் தீவனம் விதைச்சுத் தர்றேன்." தன் வரப்புப் பக்கம் கை காட்டினான். "நீ வராம அந்த வரப்புல என்னால உக்கார முடியல."

அப்துத் தவ்வாப் டீயை உறிஞ்ச மறந்து நின்றான். ரவ்ஹிய்யா அவனைப் பார்த்தாள், ஷஹாத்தாவைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

"இவர் டீயை நிறையக் குடிச்சிட்டேன்" என்றாள். "இந்த வயலைப் பாதியில விட்டுட்டு வந்தா நல்லா இருக்காது. முடிச்சிட்டுத்தான் வருவேன்."

ஷஹாத்தா வயலின் அந்தக் கோடிவரை பார்த்தான். எங்கும் களை, இடுப்பளவு. அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கத் தொடங்கினான்.