வாகை மரத்துக்கு இலை

“இன்னுங் கொஞ்சம் ஒசரம் இருக்கும்ணே. எங்க வீட்டுக்காரரு ஏணி வச்சாத்தான் மொதக் கவையில காலு எட்டும்.”

“தாயி, பத்தடிக்கு ஒரு அங்குலம்னு கணக்கு. இதுக்கு மேல ஏத்துனா ஜட்ஜு துரை இது மரமா கோபுரமான்னு கேப்பாரு” என்றார் ஜலால்.

முனியாயி சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசை தடவித் தூவிய மணல், தகரக் கீற்றில் வளைத்த தண்டவாளம், தீப்பெட்டி அளவில் அவள் குடியிருந்த கேட் குடிசை. தன் வாழ்க்கையை யாரோ ஒரு முழத்துக்குள் சுருட்டி வைத்தது போல் இருந்தது அவளுக்கு.

ஜலால் தர்காக்களுக்குச் சந்தனக்கூட்டுத் தேர் கட்டுகிறவர். ரயில் பாதை செய்தவரில்லை. கோர்ட்டில் காட்ட இந்த மாதிரியைத் தல்லாகுளத்து வக்கீல்தான் கேட்டிருந்தார். பேரையூர்ப் பாதையில் முனியாயியின் புருஷன், கேட் கீப்பர் மொக்கைச்சாமி, கேட்டைத் திறந்துவிட்ட வேளையில் ரயில் வந்துவிட்டது. வண்டிக்கார வீரணனும் இரண்டு மாடுகளும் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். வளைவில் நின்ற வாகை மரம் ரயிலை மறைத்துவிட்டது என்பதுதான் மொக்கைச்சாமியின் வழக்கு. குடிசை வாசலிலிருந்து வளைவுக்கு ஜட்ஜு ஒரு நூலைப் பிடித்துப் பார்ப்பார். நூல் மரத்தழையில் முட்டினால் மொக்கைச்சாமி வீட்டுக்கு வருவான். முட்டாவிட்டால் ஜெயில்.

நேரில் போய்ப் பார்க்க மரம் இல்லை. காவு வாங்கிய மரம் ஊருக்கு ஆகாது என்று மறுநாளே ஊர்க்காரர்கள் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள்.

அதனால் ஜலால் அங்கே நடந்து போய், குவித்துக் கிடந்த கிளைகளிலிருந்து நுனிக் குச்சிகளை ஒடித்து வந்திருந்தார். அந்த மரத்தை அந்த மரத்தாலேயே செய்வது என்பது அவருடைய எண்ணம். இலைக்குப் பீர்க்கங்காய் நார். அவர் மனைவி சாதிகா அதைப் பொடித்துச் சலித்து, அவுரியும் மஞ்சளும் கலந்து சாயம் ஏற்றியிருந்தாள். வேலிக்குக் காய்ந்த துளசிக் கதிர். புதருக்கு, கேட் ஓரத்தில் முனியாயியே பறித்து வந்த பூளைப்பூ.

புளியங்கொட்டைப் பசையில் தோய்த்து நாரை ஒட்டி முடித்தபோது மரம் குண்டாக, பச்சையாக நின்றது.

“மச்சான், சந்தனக்கூட்டு உச்சியில வைக்கிற மரமாட்டம் இருக்கு. ஊதுபத்தி ஒண்ணுதான் கொறச்சல்” என்றாள் சாதிகா.

ஜலாலின் கை சற்று நின்றது. வாழ்நாளில் அவர் மொட்டை மரம் செய்ததில்லை. திருவிழாவுக்கு யார் மொட்டை மரம் கேட்பார்கள்?

மிச்சக் குச்சிகளை ஒதுக்கினார். கலகலவென்று சத்தம் கேட்டது. வாகை நெற்றுகள். முதல் நாள் குச்சிகளைச் சுத்தம் செய்கிறேன் என்று இதேபோல் நெற்றுகளை அவரே கிள்ளிப் போட்டிருக்கிறார். இலை எதையும் கிள்ளிய நினைவில்லை. ஒரு குச்சியை வெளிச்சத்தில் பிடித்தார். தழையோடு வெட்டிய கிளையில் இலை சுருண்டு தொங்கும். இதில் ஒன்றுகூட இல்லை. நுனியில் நொய்யரிசி போலத் துளிர் மட்டும். விபத்து நடந்தது மாசி மாதம். மாசியில் வாகை இலையுதிர்த்து நிற்கும்.

அந்த வெறுங்குச்சியை வளைவில் நட்டு, நூலைப் பிடித்தார். நூல் கிளைகளுக்கு நடுவே தடையில்லாமல் போனது.

“தாயி, அன்னிக்கு மரத்துல எல இருந்துச்சா?”

முனியாயி பூளைப்பூவை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள். வைத்ததையே மறுபடி நிமிர்த்தினாள்.

“மூணு ராத்திரியா மாத்து ஆளு வரலண்ணே. அம்புட்டு நேரம் ஒரு மனுசன் எப்படி முழிச்சிருப்பான்? கேட்டத் தெறந்துவிட்டு நின்னவாக்குல கண்ணசந்துட்டாரு.”

“அப்பிடின்னு சொல்லலாமே.”

“தூங்குனேன்னு சொன்னா விடுவாகளா?”

மரம் இப்படித்தான் நின்றது என்று கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ய வேண்டியவர் ஜலால். அந்தக் கோர்ட்டில் வீரணனின் பெண்டாட்டியும் தாலியில்லாத கழுத்தோடு நிற்பாள்.

சாமண இடுக்கியை எடுத்தார். உச்சிக் கிளையில் ஒரு பச்சை நாரைப் பிடித்தார். பசை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது; இழுத்தால் வந்துவிடும்.

முனியாயி அவர் கையைத் தொடவில்லை. பலகையின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

“அத இப்பிடியே விட்டுருங்கண்ணே.”